இழுப்பறையில் கிடக்கும் கண்ணாடி

"புராகிரசிவ் எனக்கு ஒத்துக்கலை." நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்கிறார், வங்கி வரிசையில் முன்னால் நிற்பவர் சொல்கிறார். தூரம், நடுத்தூரம், படிப்பு மூன்றுக்கும் ஒரே லென்ஸ் கொண்ட அந்தக் கண்ணாடியை ஒரு மாதச் சம்பளத்தில் பெரிய பங்கைக் கொடுத்து வாங்கியிருப்பார்கள். சில நாள் போட்டுப் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது, படியில் கால் இடறுகிறது என்று கழற்றி இழுப்பறையில் போட்டிருப்பார்கள். பழியைத் தங்கள் கண் மேலேயே போட்டுக்கொள்வார்கள். எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் ஆற்றாமையாக இருக்கிறது. கண்ணிலும் கோளாறு இல்லாமல், லென்ஸிலும் கோளாறு இல்லாமல், அளவெடுத்த விதம் ஒன்றினாலேயே வீணாய்ப் போன கண்ணாடிகளை நான் பார்த்திருக்கிறேன்.

நாற்பதையொட்டி கிட்டே இருப்பது மங்கத் தொடங்கும் வெள்ளெழுத்து ஒரு நோய் அல்ல. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சிறு வயதில் நெகிழ்வாக இருக்கிறது. கிட்டே பார்க்கும்போது உருண்டு, தூரத்தைப் பார்க்கும்போது தட்டையாகிறது. வயது ஏற ஏற அது கெட்டிப்படுகிறது. நாற்பதையொட்டி +1.00 அளவுக்குக் கூடுதல் பவர் தேவைப்படும். அறுபதையொட்டி அது +2.50 வரை போய், பிறகு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். இது எல்லோருக்கும் வருவது.

தூரப் பார்வை நன்றாக இருந்து, படிப்பதற்கு மட்டும் சிரமம் என்றால் சாதாரண ரீடிங் கிளாஸே போதும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்தது. கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த இலை, கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 22 சதவீதம் கூடியது. அவர்கள் போட்டிருந்தது விலை குறைந்த, எளிய கண்ணாடிதான். கடைக்குள் நுழைந்ததும் புராகிரசிவ் பற்றிப் பேச ஆரம்பிக்கிற விற்பனையாளரிடம், எனக்கு அது எதற்குத் தேவை என்று கேட்பதில் தவறே இல்லை.

ஆனால் என் அக்காவுக்கு அது தேவைதான். மதுரையில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. வாசலில் நுழையும் பிள்ளையின் முகம் தெரிய வேண்டும், மேசைக் கணினியில் இருக்கும் பட்டியல் தெரிய வேண்டும், வருகைப் பதிவேட்டில் பென்சிலால் போட்ட புள்ளியும் தெரிய வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் மூன்று தூரத்துக்கும் பார்வை போய்வரும். அதுவரை அவள் போட்டிருந்தது கோடு போட்ட பைஃபோகல். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1785-ல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் விவரித்த ஏற்பாடுதான் அது: மேலே பாதி தூரத்துக்கு, கீழே பாதி படிப்பதற்கு. நடுத்தூரத்துக்கு அதில் இடமே கிடையாது. கணினித் திரை, காய்கறிக்கடைத் தராசு, வண்டியின் மீட்டர் எல்லாம் அந்த விடுபட்ட தூரத்தில்தான் இருக்கின்றன.

பெர்னார் மெத்தெனாஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இந்த இடைவெளியை அடைக்க ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார். வாரிலக்ஸ் என்ற அவருடைய புராகிரசிவ் லென்ஸ் 1959-ல் விற்பனைக்கு வந்தது. மேலிருந்து கீழே வர வர லென்ஸின் வளைவு கொஞ்சம் கொஞ்சமாக மாறும். பவரும் அதோடு ஏறும். கோடு தெரியாது. அதற்கு ஒரு விலை உண்டு. தெளிவாகத் தெரியும் பகுதி மேலே அகலமாகத் தொடங்கி, நடுவில் ஒடுங்கி, கீழே மறுபடி சற்று விரியும். ஒடுங்கிய அந்த வழியின் இரண்டு பக்கமும் உருவங்கள் நெளியும். மிங்க்விட்ஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் 1963-ல் இதைக் கணக்காகவே நிறுவிவிட்டார். நடுவில் பவர் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, பக்கங்களில் கோணல் அதைப்போல் இரு மடங்கு வேகத்தில் ஏறும். எந்த நிறுவனத்தாலும், எத்தனை ஆயிரம் கொடுத்தாலும், இந்தக் கோணலை ஒழிக்க முடியாது. அதை எங்கே ஒதுக்குவது, எப்படிப் பரப்புவது என்பதில்தான் விலை உயர்ந்த லென்ஸின் திறமை இருக்கிறது. அந்தத் திறமைக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒடுங்கிய வழி உங்கள் கண்மணிக்கு நேராக வந்து உட்காராவிட்டால் கொடுத்த பணம் அத்தனையும் வீண்.

அக்காவோடு கடைக்குப் போயிருந்தேன். அளவெடுத்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். அக்கா கைவைத்த மெல்லிய ஃபிரேம்களையெல்லாம் பொறுமையாக ஒதுக்கி, "இதுல படிக்கிற பவருக்கு இடம் பத்தாது டீச்சர்" என்று சொல்லி, உயரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையாத ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைத்தாள். பிறகு அவள் செய்ததைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். அளவெடுப்பதற்கு முன்பே ஃபிரேமை அக்காவின் முகத்துக்குப் பொருத்தினாள். காதுத் தண்டைச் சூடுகாட்டி வளைத்தாள். மூக்கில் உட்காரும் பட்டைகளை நெருக்கினாள். கண்ணாடி நழுவாமல் நின்ற பிறகுதான் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே, இருவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி உட்கார்ந்தாள்.

"டீச்சர், போட்டோவுக்கு உக்கார்ற மாதிரி வேணாம். ஸ்கூல்ல எப்படி உக்காருவீங்களோ அப்படி உக்காருங்க."

அக்கா தோளைத் தளர்த்தினாள். தலை தானாகச் சற்றுத் தாழ்ந்தது.

"இப்ப என் இடது கண்ணைப் பாருங்க."

ஃபிரேமோடு வரும் வெற்று லென்ஸில், அக்காவின் வலது கண்மணிக்கு நேரே மெல்லிய மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். அடுத்து மறு கண்ணுக்கு. எழுந்து நிற்கச் சொன்னாள், கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொன்னாள். மறுபடி உட்கார வைத்து, புள்ளிகள் கண்மணிக்கு நேராகவே இருக்கின்றனவா என்று பார்த்தாள். இடது புள்ளியைத் துடைத்து, ஒரு நூலிழை மேலே வைத்தாள். மூக்கின் நடுவிலிருந்து வலது கண்மணி 31 மில்லிமீட்டர், இடது கண்மணி 29.5. இரண்டையும் தனித்தனியாகக் குறித்தாள். மொத்தம் 60.5 என்று எடுத்துச் சரிபாதியாகப் பிரித்திருந்தால், ஒவ்வொரு கண்ணுக்கும் முக்கால் மில்லிமீட்டர் தள்ளிப்போயிருக்கும். சாதாரண கண்ணாடியில் அது பெரிதாகத் தெரியாது. சில மில்லிமீட்டர் அகலமே உள்ள வழியில் முக்கால் மில்லிமீட்டர் என்பது, பதிவேட்டைப் படிக்க நாளெல்லாம் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டிருக்கும் அவஸ்தை.

எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். இந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்காத கடையில் புராகிரசிவ் வாங்காதீர்கள். கடை பெரியதா சிறியதா என்பது இங்கே பொருட்டே இல்லை. மருத்துவர் கொடுக்கும் சீட்டில் பவர் மட்டுமே இருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கண்மணி ஃபிரேமின் எந்த உயரத்தில் வந்து நிற்கிறது என்பது ஃபிரேமை மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் இணையத்தில் படத்தைப் பார்த்துப் புராகிரசிவ் வாங்கும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை.

கண்ணாடி வந்த பிறகு பழகுவதற்கும் நாள் வேண்டும். முதல் சில நாள் தரை லேசாக அலையும். தலையைத் திருப்பினால் கதவு நிலை வளையும். இது எதிர்பார்த்ததுதான். மூளை பக்கத்துக் கோணலைத் தள்ளிவைக்கக் கற்றுக்கொள்ள ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். அதற்குள் பழைய கண்ணாடியை எடுத்து மாற்றி மாற்றிப் போட்டால் மூளை எதற்கும் பழகாது. காலையில் எழுந்ததும் போட்டுக்கொண்டு, படுக்கப் போகும்வரை கழற்றாமல் இருப்பதுதான் நல்லது. முதல் நாளே வண்டி ஓட்ட வேண்டாம். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணை மட்டும் ஓட்டாமல் மூக்கையும் அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். படி இறங்கும்போது கண்ணைத் தாழ்த்தாமல் முகத்தைத் தாழ்த்த வேண்டும். அப்போதுதான் பார்வை லென்ஸின் மேல்பகுதி வழியாகப் படிக்குப் போகும். அக்கா இதைப் பள்ளி மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே பழகினாள்.

பழக்கத்தால் தீராத தொல்லையும் உண்டு. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதுதான் தவறு. படிக்க மோவாயைத் தூக்க வேண்டியிருக்கிறது என்றால் லென்ஸ் தாழ்வாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. தூரத்தைத் தெளிவாகப் பார்க்கத் தலையைக் குனிய வேண்டியிருந்தால் உயரமாகப் பொருத்தியிருக்கிறார்கள். நேரே பிடித்த புத்தகம் மங்கி, ஓரமாக நகர்த்தினால் தெளிகிறது என்றால் கண்மணித் தூரம் பிசகியிருக்கிறது. இவற்றைக் கடையில் இதே சொற்களில் சொல்லுங்கள். மூக்குப்பட்டையை நெருக்கினாலோ, ஃபிரேமைச் சற்றுச் சாய்த்தாலோ சிலருக்கு அங்கேயே சரியாகிவிடும். லென்ஸையே மாற்ற வேண்டியிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். "போகப் போகப் பழகிடும் சார்" என்று சொல்லி அனுப்புவதற்குச் சம்மதிக்காதீர்கள். லென்ஸின் இரு ஓரத்திலும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் பொடிக் குறிகளைப் பொறித்திருப்பார்கள். அவற்றை வைத்துப் புள்ளி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கடைக்காரர் உங்கள் கண் முன்னாலேயே சரிபார்த்துக் காட்ட முடியும்.

இனி வெயிலில் கறுக்கும் லென்ஸுக்கு வருகிறேன். 1960-களில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ஆர்மிஸ்டெட், ஸ்டூக்கி என்ற இருவர் வெள்ளி ஹாலைடு துகள்களைக் கண்ணாடியில் கலந்து இதைச் செய்தார்கள். இன்று கிடைக்கும் பிளாஸ்டிக் லென்ஸில் வெள்ளி இல்லை. புற ஊதாக் கதிர் பட்டால் வடிவம் மாறி நிறமெடுக்கும் கரிமச் சாயங்கள் இருக்கின்றன. கதிர் நின்றால் சாயம் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பலை வெப்பம் விரைவாக்குகிறது. ஆகவே இதே லென்ஸ் குளிர்ந்த ஊரில் நன்றாகக் கறுக்கும், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அவ்வளவு கறுக்காது. கொடைக்கானலில் போட்டுப் பார்த்துவிட்டு மதுரையில் அதே கறுப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

காருக்குள்ளும் இது அவ்வளவாக உதவாது. முன்கண்ணாடி புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், எதிர்வெயில் முகத்தில் அடித்தாலும் லென்ஸ் வெளுத்தே இருக்கும். இருசக்கர வண்டிக்காரர்களுக்கு இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை: ஹெல்மெட்டின் முகத்திரையும் பெரும்பாலும் அதே வேலையைச் செய்கிறது. திரையை இறக்கிவிட்டால் லென்ஸுக்கு வெயில் வந்த செய்தியே போகாது. காருக்குள்ளும் ஓரளவு கறுக்கும் வகை ஒன்று இருக்கிறது. அதில் வீட்டுக்குள்ளும் லேசான சாயம் நிற்கும். நாளின் பெரும்பகுதி வண்டியிலேயே போகிறவருக்குப் பவர் போட்ட தனிக் கூலிங் கிளாஸ்தான் சரி. வகுப்பறைக்கும் மைதானத்துக்கும், கடைக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருக்கிறவர்களுக்கு இந்த மாறும் லென்ஸ் பெரிய நிம்மதி. அக்காவுக்கும் அதைத்தான் போட்டோம். சாயம் சில ஆண்டுகளில் சோர்ந்துபோகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வயதானவர்களுக்கு வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்த லென்ஸ் வெயிலில் ஒரு நிமிடத்துக்குள் கறுத்துவிடும். வெளுக்கப் பல நிமிடம் ஆகும். உச்சிவெயிலில் கோயில் வெளிமுற்றத்தைக் கடந்து மண்டபத்துக்குள் நுழைகிற அம்மாவை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருட்டு, லென்ஸும் இன்னும் கறுப்பு. காலடியில் இருக்கும் கல்படியைப் புராகிரசிவ் லென்ஸின் அடிப்பகுதி வழியாகப் பார்க்கிறார். அந்தப் பகுதியோ கையெட்டும் தூரத்தில் படிப்பதற்காகச் செய்யப்பட்டது. இருட்டும் மங்கலும் ஒரே நொடியில் சேர்கின்றன. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டுக்கு வீடு பார்த்திருக்கிறோம். ஆஸ்திரேலியாவில் முதியவர்களிடம் செய்த ஆய்வு 2010-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அடிக்கடி வெளியே நடமாடுகிறவர்களுக்கு, வெளியே போகத் தனியாக ஒரு தூரப் பார்வைக் கண்ணாடி கொடுத்தபோது விழுவது குறைந்தது. பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறவர்களிடம் அதே மாற்றம் பலன் தரவில்லை. வெளியே விழுவது கூடியது. ஆகவே எல்லா முதியவர்களுக்கும் ஒரே முடிவு செல்லாது. தினமும் கோயிலுக்கும் சந்தைக்கும் நடக்கிறவர் என்றால் தூரத்துக்கு மட்டும் ஒரு கண்ணாடி கூடுதலாக வாங்கிக் கொடுங்கள். ஆண்டுக்கணக்காகப் பைஃபோகலோடு வீட்டில் நடமாடிப் பழகியவருடையதை மாற்றாதீர்கள்.

கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஒவ்வொரு கண்ணுக்கும் எடுத்த கண்மணித் தூரத்தையும் பொருத்தும் உயரத்தையும், போட்ட லென்ஸின் வகையையும், பில்லோடு ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அக்காவின் அட்டை அவள் கைப்பையில் இருக்கிறது. அடுத்த ஆண்டு பவர் மாறி வேறு ஊரில் கண்ணாடி போட நேர்ந்தால், புதிதாக எடுக்கும் கண்மணித் தூரம் சரிதானா என்று அந்த ஊர்க்காரர் ஒத்துப்பார்த்துக்கொள்ளலாம். தர மறுக்கும் கடையில் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் முகத்தில் எடுத்த அளவு.