பணியாளர் நீங்குவது ஏன்?

கல்லூரிப் படிப்பை முடித்து வெளிச்செல்லும் மாணவர்க்குப் பெரியோர் கூறும் அறிவுரைகளுள் ஒன்று, கிடைத்த வேலையில் நிலைத்திருத்தல் வேண்டும் என்பது. ஓரிடத்தில் நிலையாதவனை உலகம் பொறுமையற்றவன் என்றும் நன்றியற்றவன் என்றும் பழிக்கின்றது. இக்கால இளைஞர்மேல் இப்பழி பெரிதும் சுமத்தப்படுகின்றது. பொறுமையின்மையால் வேலையை விடுவார் ஒருவரும் இலர் என்று நாம் கூற வந்திலோம். ஓரிடத்தினின்று ஒருவர் நீங்கின், குற்றம் அவர்பால் இருத்தல் கூடும்; ஒருவர்பின் ஒருவராய்ப் பலர் நீங்கின், குற்றத்தை அவ்விடத்திலேயே தேடுதல் வேண்டும். இதுவே நம் கருத்து.

இதற்குத் தக்க சான்று அமெரிக்க நாட்டில் உண்டு. மிச்சிகன் மாகாணத்து ஹைலண்டு பார்க்கில் இருந்த ஹென்றி போர்டின் மோட்டார்த் தொழிற்சாலையில் 1913-ம் ஆண்டில் ஒரு புதுமுறை புகுத்தப்பட்டது. அதுகாறும் வண்டி நின்ற இடத்திற்குத் தொழிலாளர் சென்று வேலை செய்தனர். பின்னர் வண்டி நகர்ந்து அவர்முன் வந்தது. ஒருவன் திருகாணியைப் பொருத்தினான். மற்றொருவன் அதனை முடுக்கினான். நாள் முழுதும் அவனவனுக்கு அவ்வொரு செயலே உரியதாயிற்று. வண்டியொன்றை ஒன்றுகூட்டப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆனது போய், 1914-ல் 93 நிமிடமே போதியதாயிற்று. உலகம் வியந்தது, தொழிலாளரோ வெளியேறினர். 1913-ல் நீங்கியவர் தொகை, அங்கு வேலை செய்தோர் தொகையில் நூற்றுக்கு 370 ஆயிற்று. அஃதாவது, ஏறத்தாழ 14,000 பேர் கொண்ட ஆலையை நடத்துதற்கு ஓராண்டில் 50,000-க்கு மேற்பட்டோரைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. இத்துணைப் பேரும் பொறுமையற்றவர் என்று கூறின் யாவர் நம்புவர்?

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் ஆலையார் காரணத்தை ஆராய்ந்து சில சீர்திருத்தங்கள் செய்தனர். தம் மனம்போனவாறு தொழிலாளரை நீக்குதற்கு மேஸ்திரிமார்க்கு இருந்த உரிமை பறிக்கப்பட்டது. ஒரே வேலைக்குப் பலவேறு கூலி கொடுத்துவந்த வழக்கம் ஒழிந்து, கூலி சில படிகளாக வகுக்கப்பட்டது. ஓரிடத்து வேலைக்கு ஒவ்வாதவனை வேறிடத்திற்கு மாற்றிப் பார்க்கும் வழியும் உண்டாயிற்று. அதன் பின்னரே, 1914 ஜனவரி 5-ம் நாள், நாளொன்றுக்கு 5 டாலர் கூலியும் எட்டு மணி நேர வேலையும் அறிவிக்கப்பட்டன. நூற்றுக்கு 370 என்ற கணக்கு, 1914-ல் 54 ஆகவும் 1915-ல் 16 ஆகவும் இறங்கிற்று. ஐந்து டாலரை உலகம் நினைவில் வைத்தது. மேஸ்திரியின் கை கட்டப்பட்டதை மறந்தது.

கூலி சிறிய காரியம் என்பதன்று. குடும்பம் தாங்குவோனுக்கு அதுவே முதற்காரியம். எனினும் கூலி காலைக் கட்டுமேயன்றி உள்ளத்தைக் கட்டாது. அவ்வைந்து டாலரைப் பெறுதற்குத் தகுதியுடையவனோ என்று அறியத் தொழிலாளன் இல்லத்திற்கே ஆள் அனுப்பி அவன் ஒழுக்கத்தை ஆராய்ந்தனர். தம் சங்கத்தை அந்நிறுவனம் ஒப்புக்கொள்ளுமாறு செய்யத் தொழிலாளர் 1941 வரை போராட வேண்டியிருந்தது. ஆதலின், நீங்குவோர் தொகை குறைந்துவிட்டது என்பதனாலேயே மனக்குறையும் தீர்ந்தது என்று துணிதல் ஆகாது.

இவ்வுண்மையை நம் இனத்தார் வரலாறு இன்னும் தெளிவாகக் காட்டுகின்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் கங்காணியிடத்துக் கடன்பட்டவராயிருந்தனர். அக்கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டின்றி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்திற்குச் செல்லுதல் அரிது. முன்னறிவிப்பின்றி நீங்குவாரைச் சிறையிலிட 1865-ம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது. துண்டு முறை 1921-ல் ஒழிக்கப்பட்டது. அதுவரை அத்தோட்டங்களில் நிலைத்திருந்தோரைப் பார்த்து, மனநிறைவுடையோர் என்று கூறுவார் உளரோ? இன்று துண்டு இல்லை. ஆயினும் தங்கையின் திருமணக் கடனும் தந்தையின் மருத்துவச் செலவும் பலரை ஒரு நாற்காலியோடு பிணைத்து வைத்துள்ளன. அவர் உடல் அலுவலகத்தில் இருக்கின்றது. உள்ளமோ என்றோ விடைபெற்றுச் சென்றுவிட்டது.

பணியாளனை வெளியே தள்ளும் காரணங்கள் பல: போதாத ஊதியம், எல்லையற்ற வேலை நேரம், உயர்வுக்கு வழியின்மை, ஒருவர்க்கொரு நீதி வழங்கும் மேலதிகாரி. ஆயினும் இவையனைத்தினும் கொடியது, குறையைக் கூறினால் கேட்பார் இல்லாமை. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்னும் பொருளாதார அறிஞர் 1970-ல் வெளியிட்ட நூலில், குறை கண்டவனுக்கு இரு வழிகள் உண்டு என்றார்: ஒன்று வெளியேறுதல், மற்றொன்று வாய்திறந்து கூறுதல். வாய்திறக்க இடமில்லாத வீட்டில் வாயிற்கதவே பேசும் என்பது நம் எண்ணம்.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் பலர் இன்று பிறரை வேலைவாங்கும் நிலையில் உள்ளனர். அவர்க்கு நாம் பணிவுடன் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. ஒருவர் விலகல் கடிதம் நீட்டும்போது, "ஏன் போகின்றீர்?" என்று கேட்பது பயன் தராது, போகின்றவர் உண்மை கூறிப் பகை தேடார். இருக்கின்றவரை, இருக்கும்போதே கேளுங்கள், கூறியவரைத் தண்டியாதிருங்கள். நம் உடன்மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். சினத்தில் வேலையை விடாதீர்கள். முதலிற் குறையை எடுத்துக் கூறுங்கள். கூறியும் கேளாவிடத்து, நீங்குவதை இழிவென்று கருதாதீர்கள். நிலைத்திருத்தல் நற்பண்பே, ஆயின் அது பணியாளனிடம் மட்டும் எதிர்பார்க்கத்தக்கதன்று, அவன் நிலைத்திருக்கத்தக்க இடத்தை ஆக்குதல் வேலை தருவோர் கடமையாம்.