ஆணமும் தமிழே!



சில ஆண்டுகளுக்கு முன்பு, சூலியா தெருப் பக்கத்து மாணவி ஒருத்தி என் வகுப்பில் நோன்பைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். "உம்மா ஆணம் காய்ச்சினார்" என்ற வரியில் உம்மாவை அம்மாவாகவும் ஆணத்தைக் குழம்பாகவும் சிவப்பு மையால் திருத்தினேன். "எங்கள் வீட்டில் பேசுவது தமிழ் இல்லையா, ஐயா?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. அன்று மாலை அகராதியைப் புரட்டினேன். ஆணம் என்றால் குழம்பு என்றே இருந்தது. பிழை என்னுடையது. மறுநாள் வகுப்பிலேயே அதனை ஒப்புக்கொண்டேன்.

வட்டார வழக்கு கொச்சை, அதனை வகுப்பறைக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்போர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்களைக் கேட்கிறேன். சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்த தொல்காப்பியர் திசைச்சொல்லைச் செய்யுளுக்கே உரியதாக ஏற்றார். அவருக்கு இருந்த பெருந்தன்மை நம் சிவப்பு மைக்கு ஏன் இல்லை? தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல் என நல்ல தமிழ்ச் சொற்களைத் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் மக்களுக்கா நாம் தூய்மை கற்பிப்பது?

ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களை எண்ணிப் பாருங்கள். 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833இல் எழுந்த குயின் தெரு மகா மாரியம்மன் ஆலயமும் நடந்தே சென்றுவிடும் தொலைவில் உள்ளன. இரண்டிடத்தும் ஒலித்தது தமிழே. கடையும் கப்பலும் மலாயில் 'கெடாய்', 'காப்பால்' ஆனதும் இத்தகைய வணிகர் வாய்மொழியால்தான்.

2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. பல குடும்பங்கள் அத்தெருக்களை விட்டுப் பெயர்ந்தன. 2008இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியத் தளமாக ஏற்றது. கட்டடங்களுக்குக் காவல் கிடைத்தது. பேச்சுக்கு யார் காவல்?

"தேர்வுக்கு எழுத்துவழக்கு வேண்டாமா?" எனப் பெற்றோர் கேட்கலாம். கட்டாயம் வேண்டும். "வீட்டில் ஆணம் என்பீர்கள், கட்டுரையில் குழம்பு என்றும் எழுதலாம்" என்று சொல்லிக் கொடுத்தால் போதும். பிள்ளைக்கு ஒரு சொல் கூடும். அடித்துத் திருத்தினால் அதன் வீடே அடிபடும். தன் தாயின் தமிழ் இழிந்தது என நம்பும் பிள்ளை, நாளை வீட்டில் மலாயில்தான் பேசும். அப்போது திருத்துவதற்குக்கூட நம்மிடம் தமிழ் இராது.

சிவப்பு மையைத் தொடுமுன் சிந்திப்போம்!