வலி மாத்திரையும் ஒரு செம்புத் தண்ணீரும்

பழவேற்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளைப் பார்க்கப் போகிறவர்கள் சிலர். நண்டும் இறாலும் வாங்கப் போகிறவர்கள் பலர். நான் போனபோது மனத்தில் தங்கியது மருந்துக் கடை வாசலில் நின்ற ஒரு பெண்மணிதான். ஏரியில் இறங்கி, உப்புத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்.

"நாலு வலி மாத்திரை குடு தம்பி" என்றார் கடைக்காரப் பையனிடம்.

"எத்தனை நாளாகப் போடுகிறீர்கள், அம்மா?" என்று கேட்டேன்.

"பொங்கல்லேருந்து போடறேம்மா. ஒண்ணு போட்டாத்தான் முட்டி மடங்குது."

"தண்ணீர் நிறையக் குடிக்கிறீர்களா?"

சிரித்துவிட்டார். "குடிச்சா ஏரி நடுவுல எங்கேம்மா ஒதுங்கறது?"

அந்தச் சிரிப்பில்தான் அபாயம் ஒளிந்திருக்கிறது. பஸ்ஸிலும் ஆபீசிலும் இதே காரணத்துக்காகத் தாகத்தை அடக்குகிற நமக்கும் அது பொதுவானது.

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் முதலிய மாத்திரைகள் வலியோடு வீக்கத்தையும் அடக்குகின்றன. உடம்பில் ப்ராஸ்டாகிளாண்டின் என்று ஒரு பொருள் ஊறுகிறது. அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் கிளப்புவது அதுதான். இந்த வகை மருந்துகள் அது ஊறாமல் தடுக்கின்றன என்பதை 1971ல் கண்டு சொன்னவர் ஜான் வேன் என்ற ஆங்கிலேயர். 1982ல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. சுளுக்கு, மூட்டு வீக்கம், மாதவிலக்கு வலி இவற்றுக்குச் சில நாட்கள் சாப்பிட நல்ல மருந்துதான், சந்தேகமில்லை.

ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காக்கிறது. உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுவே. வெயிலில் வேர்த்து, தண்ணீரும் குடிக்காமல் மாத்திரையை விழுங்கினால், காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்த கதைதான்!

சிறுநீரகம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சோகக் கதை உண்டு. மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் கொடுத்தார்கள். அவை செத்தபின் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் பழுதாகிக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. காரணம் 2004ல் தெரிந்தது. 2006ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனித உடம்பு கழுகைவிட உறுதியானது, உண்மை. அதற்காக அலட்சியம் கூடுமா?

ஆகவே சில ஜாக்கிரதைகள். டைக்ளோஃபினாக் மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பது சட்டப்படி தவறு. கேட்டு வாங்குவதும் நமக்கு நல்லதல்ல. சாப்பிட்டபின் போட்டால் எரிச்சல் குறையலாம். ஆனால் புண் வராது என்று நம்பிவிடாதீர்கள். இரத்தத்தில் கலந்த பிறகும் அது இரைப்பையைத் தாக்கும். இரண்டு வலி மாத்திரைகளைச் சேர்த்துப் போடக் கூடாது. வயிற்றுப் புண், ஆஸ்துமா, இருதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளும் அப்படியே. டெங்கு என்று சந்தேகப்படும் காய்ச்சலில் இவை வேண்டாம். ரத்தக் கசிவு வரலாம். மலம் தார் போலக் கறுத்தாலோ, கால் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மாத்திரையை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முழங்கால் வலிக்கு மேலே தடவும் களிம்பும் உண்டு. அதிலிருந்து இரத்தத்தில் சேரும் மருந்து மிகக் குறைவு. இதை அந்த அம்மாளிடம் சொன்னேன். அரசாங்க சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்படியும் கேட்டுக்கொண்டேன்.

"நாளைக்குப் போறேம்மா" என்றார். மாத்திரைப் பொட்டலம் அவர் முந்தானையில் முடிச்சாகத்தான் இருந்தது.

உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலும் அப்படி ஓர் அட்டை இருக்கிறதா? எடுத்துப் பாருங்கள். எத்தனை நாளாக என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே ஒரு செம்புத் தண்ணீரும் குடியுங்கள்.