இன்டர்ன்ஷிப் ஆராய்ச்சி: போகாதவனை யார் கேட்டார்கள்?

இன்டர்ன்ஷிப் போனால் வேலை சீக்கிரம் கிடைக்கும். அமெரிக்காவில் வணிக மேலாண்மை படிக்கும் மாணவர்களுக்குக் கல்லூரிகள் ஓயாமல் ஓதும் மந்திரம் இது. ஆதாரம் கேட்டால் ஆராய்ச்சிகளைக் காட்டுவார்கள். சரி, அந்த ஆராய்ச்சிகள் என்னதான் சொல்கின்றன?

2000-ல் 'ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் எஜுகேஷன்' ஆய்விதழில் கால்ட், ரெடிங்டன், ஷ்லேகர் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்டர்ன்ஷிப் போனவர்களுக்கு முதல் வேலை சீக்கிரம் கிடைத்தது, சம்பளம் கூடுதல், வேலையில் திருப்தியும் கூடுதல் என்பது அதன் முடிவு. இந்தத் துறையில் பல ஆய்வுகள் இதே பாணிதான். போனவர், போகாதவர் என்று இரண்டு கோஷ்டியாகப் பிரித்து, கேள்வித்தாள் கொடுத்து ஒப்பிடுவது.

ஆனால் போகிறவர்கள் யார்? நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள், துடிப்பானவர்கள், அப்பாவுக்கு நாலு பெரிய மனிதர்களைத் தெரிந்தவர்கள், கோடை முழுக்க சம்பளமே இல்லாமல் நியூயார்க்கில் வாடகை கொடுக்க முடிந்தவர்கள். இவர்களுக்கு இன்டர்ன்ஷிப் இல்லாமலும் நல்ல வேலை கிடைத்திருக்காதா? மதிப்பெண்ணையாவது கணக்கில் கழித்துவிடலாம். அப்பாவின் அறிமுகங்களை எந்தக் கேள்வித்தாளில் கழிப்பது?

இந்தச் சிக்கலுக்கு வழி இல்லாமல் இல்லை. நான்கு பொருளாதார ஆய்வாளர்கள் கற்பனையான பயோடேட்டாக்களைத் தயாரித்து, பட்டம், இன்டர்ன்ஷிப் ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றிப் போட்டு, வணிகத் துறை வேலைகளுக்கு அனுப்பினார்கள். 2016-ல் 'லேபர் எகனாமிக்ஸ்' இதழில் முடிவு வந்தது. இன்டர்ன்ஷிப் இருந்தால் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு சுமார் 14 சதவீதம் அதிகம். வணிகப் பட்டத்துக்கோ தனி மவுசு எதுவும் இல்லை! போதாததற்கு, இன்டர்ன்ஷிப்பால் வணிக மாணவர்களைவிட மற்ற பாட மாணவர்களுக்கே பலன் அதிகம். கல்லூரிகள் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விழுங்கிவிட்டால் அது எப்படி நேர்மையாகும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த பயோடேட்டாவில் இருந்த ஆள் எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை. ஒரு கணக்கையும் கற்றுக்கொள்ளவில்லை. ஆக, அந்த 14 சதவீதம் பயோடேட்டாவில் உள்ள ஒரு வரிக்குக் கிடைத்த விலை. கற்றதற்குக் கிடைத்த விலை அல்ல.

கற்றது என்ன என்பது சாதாரணக் கேள்வியும் அல்ல, சம்பளம் அதில்தான் தொங்குகிறது. 'பிளாக் ஸ்வான்' படத் தயாரிப்பில் சம்பளமில்லாமல் உழைத்தவர்கள் ஃபாக்ஸ் சர்ச்லைட் மீது தொடுத்த வழக்கில், முதன்மையாகப் பயனடைவது மாணவரா நிறுவனமா என்று பார்க்க வேண்டும் என 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2018-ல் தொழிலாளர் துறையும் இதையே அளவுகோலாக ஏற்றது. கல்லூரி கிரெடிட் தருகிறதா என்பதும் அதில் ஓர் அம்சம். கிரெடிட் என்று முத்திரை குத்திவிட்டால் சம்பளம் தராமலிருக்க நிறுவனத்துக்கு ஒரு சாக்கு கிடைக்கிறது. அந்தக் கிரெடிட்டுக்குப் பல கல்லூரிகள் மாணவரிடமே கட்டணமும் வாங்குகின்றன. இலவசமாக உழைக்கக் காசும் கொடுக்க வேண்டும்!

இந்த ஆய்வுகளில் கணிசமானவற்றை எழுதுவது அதே வணிகக் கல்லூரிகளின் பேராசிரியர்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல வாதம். எந்தக் கேள்வி கேட்கப்படாமல் போகிறது என்பதுதான் விஷயம்.

மாலையில் கடையில் வேலை பார்த்துக் கட்டணம் கட்டும் மாணவன், சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறான். ஆய்வில் அவன் "போகாதவர்" கணக்கில் ஒரு எண். பிறகு அவனுக்கு வேலை தாமதமானால், அதுவே இன்டர்ன்ஷிப்பின் மகிமைக்குச் சான்றாகிவிடுகிறது! போனவரிடம் திருப்தியா என்று கேட்பதை நிறுத்திவிட்டு, போகாதவனிடம் ஏன் போகவில்லை என்று கேட்கட்டும். போனவருக்குச் சம்பளம் எவ்வளவு, கற்றது என்ன என்று அளக்கட்டும். அதுவரை "ஆராய்ச்சி நிரூபித்துவிட்டது" என்பது வெறும் விளம்பரம்தான்.