ஆசிரியருக்குப் பாடம் எந்த மொழியில்?

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. இது யாரும் நமக்குப் போட்ட பிச்சையல்ல. இந்நகரின் தோல் பதனிடும் கூடங்களிலும் ஆலைகளிலும் உழைத்து உருக்குலைந்தவர்களின் பிள்ளைகளுக்குரிய உரிமை. அப்பள்ளிகளில் பாடம் சொல்லும் ஆசிரியருக்குப் பாடம் சொல்வது யார்? எந்த மொழியில்?

1975-76இல் செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சிச் சோதனை நடந்தபோதே ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சி வானத்திலிருந்து இறங்கியது. இன்று அது சட்டைப்பைக்கே வந்துவிட்டது. 2017இல் மத்திய அரசு தீக்ஷா தளத்தைத் தொடங்கியது. 2019இல் நேரடி வகுப்பாகத் தொடங்கிய நிஷ்டா பயிற்சி, கொரோனாக் காலத்தில், 2020 அக்டோபரில், அத்தளத்துக்கு மாறித் தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்கு 18 பாடங்களாக வந்தது.

இதன் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நம் பள்ளிகளின் நிலையைப் பாருங்கள். தமிழ்வழியில் கணக்கு நடத்துபவர் ஒருவரே இருப்பார். பக்கத்து வகுப்பில் மராத்தியோ உருதுவோ நடக்கும். பின்னக் கணக்கில் பிள்ளை ஏன் தடுமாறுகிறது என்று கலந்து பேச அவருக்குத் துணையில்லை. அந்தத் துணையைத் திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்து சேர்க்க செல்போனால் முடியும். தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்காகத் தமிழில் ஆக்கப்பட்ட பாடங்கள் அதே தளத்தில் இருக்கின்றன. நம் பிள்ளைகள் படிப்பது மராட்டிய மாநிலத்தின் பாலபாரதி அச்சிடும் தமிழ் நூலாயிற்றே என்பார்கள். இருக்கட்டும். பின்னம் எங்கும் பின்னந்தான்!

ஆனால் நடப்பது என்ன? பெயர் வேண்டாம் என்ற ஓர் ஆசிரியை நம்மிடம் சொன்னார்: "ராத்திரி அடுப்படியில் காணொளியை ஓடவிட்டுவிட்டு, கடைசிக் கேள்விகளுக்கு மட்டும் விடை தட்டுவேன். சான்றிதழ் வந்துவிடும்." அவரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. பகலெல்லாம் பள்ளி, கணக்கெடுப்பு, தேர்தல் வேலை. இணையக் கட்டணமும் சொந்தப் பணம். பாடமோ அவர் வகுப்பில் பேசாத மொழியில்.

ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பயிற்சி வேண்டும் என்று 2020இன் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அந்த மணிகள் பள்ளி நேரத்துக்குள் வர வேண்டும். தமிழ்வழி ஆசிரியருக்குத் தமிழில் வர வேண்டும். சந்தேகம் கேட்டால் பதில் சொல்லும் ஆள் மறுமுனையில் இருக்க வேண்டும்.

பெற்றோர்களே! 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு நீங்கள்தான். கையெழுத்துப் போடுவதோடு வந்துவிடாதீர்கள். சென்ற ஆண்டு எங்கள் ஆசிரியர் எத்தனை மணி நேரம், எந்த மொழியில் பயிற்சி பெற்றார் என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். பதிலை எழுதி வாங்கிச் சங்க அலுவலகத்தில் சேருங்கள். கல்வி அதிகாரியைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாள்கள் நம் கையில் இருக்க வேண்டும்.