மெய்க்கீர்த்தி மட்டும் போதுமா?

2024 செப்டம்பரில் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. அறிவிப்பில் சோழர் கடற்படையும் நினைவுகூரப்பட்டதில் நம்மவர்க்கு மகிழ்ச்சி. ஆனால் ஸ்ரீவிஜயம் என்பது 1025இல் இராஜேந்திர சோழன் படை தாக்கிய சுமத்திரா நாட்டின் பெயர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னோமா?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, மாநக்கவாரத்தையும், அதாவது நிக்கோபாரையும், அவன் வென்ற இடங்களில் சேர்க்கிறது. அது வென்றவரின் மெய்க்கீர்த்தி. தோற்றவர் குரல் அதில் இல்லை.

ரோமப் பேரரசர் அகஸ்டஸும் தம் சாதனைகளைத் தாமே எழுதிவைத்தார். அதில் எதிரி ஆண்டனியின் பெயரே கிடையாது. 2014இல் அவர் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்ட ஏட்ரியன் கோல்ட்ஸ்வொர்தி, அவர் திறமையோடு, அதிகாரத்துக்காகச் சிந்திய இரத்தத்தையும் எழுதினார். அதனால் அகஸ்டஸ் சிறுத்துவிடவில்லை.

இராஜேந்திரனையும் அப்படித்தான் படிக்க வேண்டும். நீலகண்ட சாஸ்திரியார் 1930களிலேயே சோழர் வரலாற்றைச் சான்றுகளோடு எழுதினார். நம் வீடுகளிலோ சோழர் என்றால் கல்கியின் நாவல்தான். நாவல் இருக்கட்டும், பக்கத்தில் வரலாற்று நூலும் இருக்கட்டும்.

இத்தீவுகளில் நிக்கோபாரிகளும் நம் அண்டை வீட்டார். "உங்கள் தீவை வென்றது எங்கள் ராஜா" என்று நம் பிள்ளை பெருமை பேசினால், அது அவர்கள் காதில் எப்படி விழும்? முழு வரலாறு தெரிந்த பிள்ளை அப்படிப் பேசாது.