யூதாஸின் கணக்கு

தன் பாவத்துக்காக அழுகிறவனைப் பற்றி நம் விமர்சகர்களிடம் இரண்டே அபிப்பிராயங்கள்தாம் உண்டு. ஒன்று, அது மனநோய். மற்றொன்று, அது வெறும் பாவனை. நைச்சியானுசந்தானத்தின் கிறிஸ்தவப் பதிப்பு. துக்கத்துக்கும் ஆறுதலுக்கும் மலைப்பிரசங்கம் போடும் முடிச்சை, அழுத பிள்ளைக்குப் பால் என்கிற மாதிரி படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

மத்தேயுவைச் சற்று நிதானமாகப் படிக்கலாம். 26-ம் அதிகாரம் பேதுருவின் அழுகையோடு முடிகிறது. 27-ம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே யூதாஸ் வருகிறான். அவனுடைய துக்கம் போலி என்று யாரும் சொல்ல முடியாது. தான் பாவம் செய்ததை வாய்விட்டு ஒப்புக்கொள்கிறான். வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோகிறான். பேதுரு எதையும் திருப்பித் தரவில்லை. தருவதற்கு அவனிடம் எதுவும் இல்லை. பாங்கியில் பேரேடு எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கணக்கு நேரானது யூதாஸுக்குத்தான். ஆறுதல்தான் கிடைக்கவில்லை. அவன் தன் துக்கத்தைக் கொண்டுபோய்க் கொட்டியது ஆசாரியர்களிடம். தங்களுக்கு அதில் சம்பந்தமில்லை என்று அவர்கள் விலகிக்கொண்டதும், தீர்ப்பு, தண்டனை இரண்டையும் அவனே கையில் எடுத்துக்கொண்டான்.

பேதுரு அழுததோடு சரி. தீர்ப்பைத் தான் எழுதவில்லை. மூன்று முறை மறுதலித்தவனிடம், தன்மேல் அன்பு உண்டா என்று அவர் மூன்று முறை கேட்பதை யோவான் கடைசி அதிகாரத்தில் எழுதுகிறார். மூன்றாவது தடவை கேட்டபோது பேதுரு துக்கப்பட்டான் என்றும் எழுதுகிறார். ஆறுதல் வருகிற இடத்திலேயே துக்கம் மறுபடி கிளறப்படுகிறது. அழுகை கூலிவேலை, ஆறுதல் அதற்கான சம்பளம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

இன்று நம் கவிதைகளில் மலிந்து கிடக்கும் குற்ற உணர்வு யூதாஸின் ரகம். ஒரு வித்தியாசம், இவர்கள் காசைக்கூடத் திருப்பித் தருவதில்லை. யாரிடமும் சொல்லப்படாத குற்றம் சுயஇரக்கமாகப் புளித்துப்போகிறது. அதற்கு 'இருப்பின் அவலம்' என்று பெயர்.

ஜான் பன்யன் 1666-ல் எழுதிய சுயசரிதையில், கிறிஸ்துவை விற்றுவிட்டோம், ஏசாவைப் போல் ஆகிவிட்டோம் என்று நடுங்குகிறார். ஒருநாள் தெளிவு, அடுத்த நாள் பழைய இருட்டு. 1678-ல் வந்த 'மோட்ச பிரயாண'த்தில் யாத்திரிகனின் முதுகுச் சுமை சிலுவையடியில் கழன்று விழுகிறது. ஆனால் அது வழியின் முற்பகுதியிலேயே நடந்துவிடுகிறது. சந்தேகக் கோட்டையின் சிறை அதற்குப் பிறகுதான் வருகிறது.

இந்தக் கதையை எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-ல் 'இரட்சணிய யாத்திரிக'மாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். நம்மவர்களோ அவருக்குக் 'கிறிஸ்தவக் கம்பர்' என்று பட்டம் கட்டிவிட்டு, எந்த விருத்தத்தில் கம்பன் சாயல் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வைணவராகப் பிறந்த ஒரு மனிதர் சுமையோடு நடக்கும் ஒருவனைத் தன் காவிய நாயகனாக ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்கத் தொடங்கினால், விருத்தக் கணக்கை மூடி வைக்க வேண்டியிருக்கும்.